ஊசி இறங்கியபின் நடக்கக் கூடாது

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்த அந்த மனிதருக்கு மாலை என்பது ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வேலை முடிந்து மாடிப்படி ஏறி வருவார். விரலில் ஒட்டிய மை போகும்வரை கைகழுவுவார். விளிம்பைப் பிடித்துத் தட்டை உறையிலிருந்து உருவி, மெல்லிய துணியால் ஒரு சுற்றுத் துடைத்து, ரெக்கார்ட் பிளேயரில் வைத்து ஊசியை இறக்குவார். பிறகு இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நேர் நடுவில் போட்டிருக்கும் கைவைத்த நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். ஊசி இறங்கியபின் அந்த வீட்டில் யாரும் நடக்கக் கூடாது. வீட்டுக்கு இருந்த ஒரே சட்டம் அதுதான்.

சட்டத்துக்குக் காரணம் உண்டு. கட்டடம் பழையது; மாடித் தளம் முழுவதும் மரப்பலகை. கூடத்தின் ஒரு மூலையில் ஒருவர் காலை ஊன்றினால் மறுமூலையில் இருக்கும் மேசைக்குச் செய்தி போய்விடும், மேசை அசையும், ஊசி ஒரு வரியை விட்டு இன்னொரு வரிக்குத் தாவும். விடுபட்ட சொல்லையும் இரட்டித்த எழுத்தையும் நாள் முழுதும் தேடித் தேடிச் சுழிக்கிறவருக்கு, பாட்டின் நடுவே ஒரு துண்டு காணாமற் போவதைக் காட்டிலும் பெரிய கொடுமை வேறில்லை.

ஆகவே, ஒரு மாலை, ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரத்தில், புல்லாங்குழல் நீண்டதொரு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது ஊசி தாவியதும், அவர் கண்ணைத் திறவாமலே பழக்கத்தால் அதட்டினார்.

"உட்காரு!"

குரல் கூடத்தைச் சுற்றிவிட்டு அவரிடமே திரும்பி வந்தது. அதன் பிறகுதான் உறைத்தது. வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை.

முன்பு இருந்தாள். அவருடைய அக்கா. தாயில்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவள். அவர் மனைவியை இழந்தபோது ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்து, அவருடைய மகளையும் வளர்த்து ஆளாக்கியவள். கடைசிக் காலத்தில் ஒரு முழங்கால் மடங்காது, கைத்தடி வேண்டும். நடந்தால் கனமாக ஓர் அடி, இழுபடுவதாக ஓர் அடி, பின்னாலேயே தடியின் குத்து என்று மூன்றாகக் கேட்கும். அந்த நடைக்கு எந்த ஊசிதான் தாங்கும்? அதனால் அக்காவும் தம்பியும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். கூடத்தை ஒட்டி, நடைவழியில் வாசல் இருந்த தன் அறையில், கூடத்துச் சுவரோரம் நாற்காலி போட்டு அவள் அமர்ந்திருப்பாள். எழ வேண்டுமானால் தடியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாள். அவர் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நட, அக்கா" என்பார்.

"மகாராஜா உத்தரவு குடுத்துட்டாரு, குடிமக்கள் எல்லாம் போய்த் தண்ணி குடிச்சிக்கலாம்" என்று முனகிக்கொண்டே அவள் சமையலறைக்குப் போய்வருவாள். அவள் நாற்காலி முனகும். ஊசி மறுபடி இறங்கும்.

அவள் போய் ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. மாலைத் தூக்கத்திலேயே அடங்கிவிட்டாள் என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். கொடுத்து வைத்தவள் என்று எல்லாரும் சொன்னார்கள். தடியை மகள் ஒரு மருத்துவமனைக்குத் தானமாகக் கொடுத்துவிட்டாள். அறையை அவர் பூட்டிச் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டினார்.

தட்டில் கீறல் இருக்கும் என்று முதலில் நினைத்தார். விளக்கடியில் வைத்துப் பார்த்தார்; கண்ணாடிபோல் இருந்தது. மறுநாள் வேறொரு தட்டு வைத்தார். தெருவிளக்கு எரிந்தது; ஊசி தாவியது. அதற்கடுத்த நாள் தாளக்கருவிகள் அதிரும் தட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதிலும், அதே வெளிச்சத்தில், அதே தாவல்.

ரேடியோ ரிப்பேர்க் கடைக்காரனை எல்லாரும் ஈயம் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் பற்றவைப்புக் கோலும் கையுமாக இருப்பதால் வந்த பெயர்; அவன் அதில் பெருமைப்பட்டானே தவிர வருத்தப்பட்டதில்லை.

"மேசை ஆடுது சார், வேற ஒண்ணும் இல்ல" என்றான், விஷயத்தைப் பாதி கேட்டதுமே. "கீழ லாரி போனாக்கூட ஆடும். புதுசா வாங்குனா எல்லாம் சரியாயிடும்னு சொல்லுவேன். நீங்க வாங்க மாட்டீங்க."

"வாங்க முடியாது" என்று திருத்தினார் அவர்.

"அதைத்தான் நான் மரியாதையாச் சொன்னேன்." ஈயம் சிரித்தான். "கையைக் கடிக்காம வழி இருக்கு. சமையல் மேடைக்கு வெட்டுன கல்லுல மிச்சத் துண்டு கிடைக்கும். அதைப் போடுங்க. கல்லுக்கு அடியில ரப்பர் பந்தைப் பாதியா அறுத்து நாலு மூலைக்கும் வைங்க. பெட்டி அதுமேல உக்காந்துடுச்சுன்னா, யானை நடந்தாலும் ஊசிக்குத் தெரியாது. ஆமா, வீட்ல தனியாத்தானே இருக்கீங்க? யார் நடக்கப் போறா?"

"மக வர்றா. இங்கயே வேலை கிடைச்சிருக்கு. குழந்தையோட வந்து என்கூடத்தான் இருக்கப் போறா."

"பேத்தி நடக்க ஆரம்பிச்சாச்சா?"

"பிடிச்சிக்கிட்டு நடக்குது."

"அப்ப உங்க சட்டம் அவ்வளவுதான் சார். பேத்தி முன்னாடி எந்தச் சர்க்காரும் நின்னதில்ல."

அவர் சிரிக்கவில்லை. அவர் தேடியதே அதைத்தான். அந்தக் குழந்தை தன் மனம்போல் வீடு முழுதும் நடக்க வேண்டும். இந்த வீட்டில் இனி யாரையும் பார்த்து, உட்கார் என்று தாம் சொல்லக் கூடாது. அதற்கு எது வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தார். பர்ஸ் இடம் கொடுத்த அளவுக்கு.

கல் வந்தது. கறுப்பாக, குளிர்ச்சியாக, மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டிய கனத்தில். அரைப்பந்துகளின்மேல் அதை நிறுத்தி, அதன்மேல் ரெக்கார்ட் பிளேயரை வைத்து, மட்டம் பார்த்து, அன்று மாலை ஊசியை இறக்கினார். தெருவிளக்கு எரிந்தது. அவர் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்தார். குழல் தன் மூச்சை முழுதாக இழுத்து, முழுதாக விட்டது. தாவல் இல்லை. கண்களில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், ஊசி வெறுங்கோட்டில் ஓடும் சிறு இடைவெளி ஒன்று உண்டு. எண்ணெய் காய்வதுபோல் ஒரு மெல்லிய பொரிதல் மட்டும் அங்கே கேட்கும். அந்த இடைவெளியில், பொரிதலுக்குக் கீழே, மிக ஆழத்தில், ஏதோ ஒன்று விழுந்தது. மூட்டையைத் தரையில் வைப்பதுபோல.

தொம்.

அவ்வளவுதான். அடுத்த பாட்டு வந்து அதை மூடிக்கொண்டது.

ஒரு கிணற்றின் கதை உண்டு. வீட்டுக் கிணற்று நீர் கலங்கலாக இருக்கிறதே என்று ஒருவன் வருந்தினான். கோடை முழுதும் இறங்கித் தூர்வாரினான், சேற்றை அள்ளினான், மணல் பரப்பினான். நீர் பளிங்காகத் தெளிந்தது. அன்று காலை வாளியோடு வந்து குனிந்து பார்த்தவன், வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடினான். அடியில் என்ன கிடந்தது என்று கதை சொல்வதில்லை. கலங்கலும் ஒரு கருணை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அந்த மாலையில் அவர் இக்கதையை நினைத்திருந்தால் நலமாக இருந்திருக்கும். அவர் நினைத்ததோ, சத்தம் தெளிவாக இல்லையே, நல்ல ஊசி வேண்டும் என்பதுதான்.

ஈயம் ஒரு பழைய கருவியிலிருந்து கழற்றிய ஊசியைக் கொடுத்தான். முனை முன்னதைவிடக் கூர்மை. பள்ளத்தின் அடிவரை போகும். "இதுவரைக்கும் ஜன்னல் வழியாப் பாத்தீங்க, இனிமே வீட்டுக்குள்ள போய்ப் பாப்பீங்க" என்றான்.

அவன் சொன்னது மெய். குழல்காரர் மூச்சிழுக்கும் ஓசை கேட்டது. துளையைவிட்டு விரல் எழும் சிறு ஒட்டல் கேட்டது. பக்கத்தில் யாரோ பாயில் அசைந்து உட்காருவதுகூடக் கேட்டது. இத்தனை காலமும் தாம் பாட்டின் நிழலைத்தான் கேட்டுவந்தோம் என்று அவர் வியந்துகொண்டிருக்கையில், ஜன்னல் திரையில் தெருவிளக்கின் மஞ்சள் ஏறியது. பாட்டு முடிந்தது. வெறுங்கோடு வந்தது.

கனமாக ஓர் அடி.

இழுபடுவதாக ஓர் அடி.

மரத்தின்மேல் மரம் குத்தும் ஒலி.

நாற்காலியில் அவருடைய முதுகு விறைத்தது. அந்த நடையை அறிய அவருக்குக் காது தேவையில்லை; பிள்ளைப் பருவத்தில் அவருக்காக இரவுக் கஞ்சி கொண்டுவந்த கால்கள், மகளைத் தோளில் போட்டுக் கூடத்தைச் சுற்றிய கால்கள், கிழடாகித் தேய்ந்தாலும் தாளம் மாறவில்லை. ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தது. வெளியே, வெறுங்காதுக்கு, வீடு அமைதியாக இருந்தது. மீண்டும் மூன்றொலி. மீண்டும். பிறகு நின்றது. பூட்டிய கதவுக்குப் பின்னால் வந்து நின்றதுபோல் நின்றது.

அடுத்த பாட்டு தொடங்கியது. அவர் பக்கம் முடியும் முன்பே ஊசியைத் தூக்கினார். வாழ்நாளில் முதல் முறையாக, அதை மறுபடி இறக்கவில்லை.

"மோட்டார் சத்தம் சார்" என்றான் ஈயம். "இல்லாட்டித் தரை. புது ஊசி எல்லாத்தையும் கக்கிடும், நல்லது கெட்டது பாக்காது. தரை பேசுதுன்னா தரையை விட்டுடுங்க. சுவத்துல பலகை அடிச்சி அதுமேல ஏத்துங்க. இரும்புத் தாங்கி என்கிட்டயே கிடக்கு. ஆனா நல்ல செங்கல் சுவரா இருக்கணும், மரத் தடுப்புல அடிச்சீங்கன்னா ஆடும். செங்கல் சுவர் இருக்கில்ல?"

இருந்தது. அந்த மாடியில் ஒரேயொரு செங்கல் சுவர். மற்றவையெல்லாம் பலகைத் தடுப்பு. அந்தச் சுவருக்கு மறுபுறம் என்ன இருக்கிறது என்று ஈயம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"வச்சதும் ஒரு சோதனை பண்ணுங்க" என்றான் அவன் தாங்கிகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே. "தட்டைச் சுத்த விடாதீங்க. நிக்கிற தட்டுமேல ஊசியை மட்டும் இறக்கி, சத்தத்தை முழுசா ஏத்துங்க. பாட்டு வராது. ஊசிக்கு வேற என்னென்ன கேக்குதோ அது மட்டும் வரும். ஒண்ணும் வரலேன்னா, நீங்க ஜெயிச்சீங்க."

துளையிடுகையில் செங்கற்பொடி அவர் கையிலும் கன்னத்திலும் படிந்தது. கடைசித் துளையில் கருவி சட்டென்று உள்ளே போய்விட்டது, எதிர்ப்பே இல்லாமல். சுவரின் அந்தப் பக்கத்தை எட்டிவிட்டதோ என்று தோன்றியது. குனிந்து துளையில் கண்ணை வைத்தார். இருட்டு. பூட்டிக்கிடந்த அறையின் வாசனை நூல்போல் வந்தது: பழந்துணி, தைலம், தூசி. அவசரமாக ஆணியைச் செருகி முடுக்கினார்.

மகள் மறுநாள் காலை வந்துவிடுவாள்.

தெருவிளக்குக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. சுவரில் பொருத்திய பலகைமேல் கல். கல்மேல் ரெக்கார்ட் பிளேயர். அதன்மேல் அசையாத தட்டு. அவர் ஊசியை இறக்கினார். ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் திருகினார். இன்னும் திருகினார். கடைசிவரை.

முதலில் ஒரு பெருவெளியின் இரைச்சல். பிறகு, கண் இருட்டுக்குப் பழகுவதுபோல் காது அதற்குப் பழகியது. கீழ்வீட்டுத் தையல் இயந்திரம் எங்கோ தொலைவில் ஓடியது. குழாயில் நீர் இறங்கியது. செங்கல்லின் நடுவே சாந்துத்துகள் உதிர்ந்தது. ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, பிழைதிருத்தும் தாளில் சுழிப்பதுபோல் மனத்துக்குள் சுழித்து ஒதுக்கினார். தையல் நின்றது. குழாய் நின்றது. ஒன்றும் இல்லை என்று அவர் பெருமூச்சு விடப்போன நேரத்தில், இன்னொன்று மிஞ்சியிருப்பது தெரிந்தது.

மூச்சு.

அவருடையதல்ல. தம் மூச்சை அடக்கிப் பார்த்தார். அது அடங்கவில்லை. சிறிதாக, மேலோட்டமாக, ஏறிப் பாதியிலேயே திரும்பும் மூச்சு. ஒரு நாற்காலி முனகியது. சுவரில் ஒரு நகம் இழைந்தது, இடம் தேடுவதுபோல.

திரையில் மஞ்சள் ஏறியது.

இரண்டு தட்டு.

ஸ்பீக்கரின் கூம்பு அதிர்ந்து, அவர் நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. மரியாதையான தட்டு. அவசரமில்லாத தட்டு. உத்தரவு கேட்கிற தட்டு.

கைபேசி அலறியதும் அவர் வாய்விட்டுக் கத்திவிட்டார். மகள்தான்.

"அப்பா, பஸ் ஏறிட்டோம். குட்டி தூங்கிட்டா. அத்தை ரூமைத் திறந்து காத்தாட விட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"என்னப்பா நீங்க! நாளைக்கு அங்கதானே நாங்க படுக்கணும். அத்தை கட்டில்லதான் படுப்பேன்னு சொன்னேன்ல?"

இரண்டு தட்டு.

"யாருப்பா அது?" என்றாள் மகள். "கதவைத் தட்டுறாங்களே, போய்ப் பாருங்க. நான் லைன்ல இருக்கேன்."

சுவரைப் பிடிக்கப் போனவர், அது எந்தச் சுவர் என்று உணர்ந்து கையை இழுத்துக்கொண்டார். தமக்கு மட்டும் கேட்டிருந்தால் அதை மூப்பு என்றோ மனப்பிரமை என்றோ சுழித்துவிடலாம். மகளுக்குக் கேட்டுவிட்டது. இனி அந்தக் குழந்தையை இந்த வீட்டுக்குள், அந்த அறைக்குள், ஒன்றும் சொல்லாமல் எப்படி அழைப்பது?

"அம்மாடி" என்றார். "அத்தை தூக்கத்துல போகல."

"என்னப்பா சொல்றீங்க?" என்றாள் மகள்.

"அன்னிக்குத்தான் ஊசியோட புது கார்ட்ரிட்ஜ் மாட்டியிருந்தேன். அப்படி ஒரு சத்தத்தை நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. தெருவிளக்கு எரியுற நேரம் அத்தை தட்டினா. நான் ஊசியைத் தூக்கல. இந்த ஒரு பாட்டு முடியட்டும்னு இருந்தேன். மறுபடியும் தட்டினா. அப்புறம் எழுந்து நடந்தா. ஊசி தாவிடுச்சு. உட்காருன்னு கத்தினேன். உட்காந்துட்டா."

"அப்பா..."

"அந்தப் பக்கம் முடிஞ்சது. நல்லா இருந்துச்சேன்னு, திருப்பிப் போட்டு அடுத்த பக்கமும் கேட்டேன். அப்புறம்தான் போய்ப் பாத்தேன். நாற்காலியிலதான் இருந்தா. நெஞ்சு வலிக்கு நாக்கு அடியில வைக்கிற மாத்திரை சமையலறையில இருந்துச்சு. அதை எடுக்கத்தான் எழுந்திருக்கா."

பிறகு மகளின் குரல் வந்தது. அவருக்குப் பழக்கமில்லாத ஒரு தாழ்ந்த குரல்.

"அத்தை தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

"கேட்டுச்சு."

"என்னைத் தூக்கி வளத்தவப்பா அவ. உங்களையும்." மூக்கை உறிஞ்சும் ஒலி. "போய் அந்தக் கதவைத் திறங்க. அவகிட்ட மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் வந்து என்கிட்ட பேசுங்க." இணைப்பு அறுந்தது.

இரண்டு தட்டு.

அவர் சமையலறைக்குப் போனார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். அலமாரியின் மேல்தட்டில், எறிய மனம் வராமல் விட்டுவைத்திருந்த மாத்திரைக் குப்பி இருந்தது. டம்ளரில் தண்ணீர் பிடித்தார். கூடத்தில் குமிழ் இன்னும் உச்சத்திலேயே இருந்தது. நடைவழியில் அவர் வைத்த ஒவ்வோர் அடியும் சுவரேறி, ஊசியேறி, அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கரில் இடியாக விழுந்தது. தொம். தொம். அவர் நின்றார். ஸ்பீக்கரில் இன்னும் ஓர் அடி விழுந்தது.

இழுபடுவதாக.

பூட்டு எளிதாகத் திறந்தது.

அறையில் யாரும் இல்லை. கட்டில் மூடியிருந்தது. சுவரோரம் நாற்காலி, அதன் பக்கத்தில் முக்காலி. திரையின் இடுக்கில் வந்த மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கையின் மெத்தை குழிந்திருந்தது. அவள் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பழங்குழிதான் என்று தமக்குச் சொல்லிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தார். நாற்காலியில் அமர்ந்தவர் கை எட்டும் உயரத்தில், தடியின் பூண் அளவுக்கு, சிறு வட்டக் குழிகள். சில பழையவை, அழுக்கேறியவை. அவற்றைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக, சுண்ணாம்பு வெளுத்துப் புதியவை. கையால் எண்ணி மாளாதவை. கீழே பலகையில் வெண்பொடி குவிந்திருந்தது. அந்த அறையில் தடியே இல்லை.

அவர் மண்டியிட்டார். முக்காலிமேல் டம்ளரை வைத்தார். பக்கத்தில் ஒரு மாத்திரையை வைத்தார்.

"அக்கா" என்றார். "கேட்டுச்சு. எல்லாத் தட்டும் கேட்டுச்சு. நான்தான் தூக்கல. தப்பு என் மேலதான். நீ நட, அக்கா. இனிமே எப்ப வேணாலும் நட. யாரையும் கேக்க வேண்டாம்."

தைல வாசனை. தூசி. வேறொன்றும் இல்லை. கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, பின்னோக்கி நடந்து கூடத்துக்கு வந்தார். தம் நாற்காலியை அடைந்ததும் உட்கார்ந்தார்.

ஸ்பீக்கரில் மூச்சு இல்லை. நகம் இல்லை. பெருவெளியின் இரைச்சல் மட்டும். முடிந்தது என்று நினைத்தார். மகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

உலோகம் மரத்தின்மேல் உரசியது. முக்காலியிலிருந்து டம்ளர் எழும் ஓசை.

விழுங்கும் ஓசை. ஒருமுறை. நீண்ட இடைவெளி. இன்னொரு முறை.

நாற்காலி முனகியது.

கனமாக ஓர் அடி. இழுபடுவதாக ஓர் அடி. மரத்தின்மேல் மரம்.

அவர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். ஓடியிருக்கலாம். ஆனால் பேருந்தில் ஒரு குழந்தை அவர் மடியை நோக்கித் தூங்கிக்கொண்டு வந்தது. உத்தரவு கொடுத்தவரும் அவர்தான். இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கி, நாற்காலிமேல் மடக்கிக்கொண்டார். அவள் நடக்கையில் தாம் நடக்கக் கூடாது.

கதவு. நடைவழி. அடி, இழுப்பு, குத்து. ஸ்பீக்கரில் மட்டுமே. நடைவழி கண்ணுக்கு வெறுமையாக இருந்தது. கூடத்தின் வாசல். அடி, இழுப்பு, குத்து. கல்லுக்கு அருகே வந்து நின்றது.

ஊசியின் கை எழுந்தது.

மெல்ல. தட்டில் கீறல் விழாமல். அவர் இத்தனை ஆண்டுகளாக அவளுக்காகத் தூக்கியதுபோலவே, நிதானமாக, எழுந்து ஓரமாகப் போய் அமர்ந்தது.

ஸ்பீக்கர்கள் ஊமையாயின.

இப்போது அவள் எங்கே நிற்கிறாள் என்று சொல்ல ஊசி இல்லை. வீடு முழுதும் அமைதி. தெருவிளக்கின் மஞ்சள் தரையில் நீண்டு கிடந்தது. அந்த மஞ்சளுக்குள், அவர் நாற்காலியின் வலதுகைக்கு நேர் கீழே, ஒரு பலகை அமுங்கியது. ஆணிகள் கிறீச்சிட்டன. பாரம் ஏறிய பலகை எப்படி வளையுமோ அப்படி வளைந்து நின்றது. தைல வாசனை அவர் கன்னத்தில் பட்டது.

"நட, அக்கா" என்றார் அவர்.

பலகை நிமிரவில்லை.

"நட, அக்கா. நான் உட்காந்துதான் இருக்கேன்."

நாற்காலியின் மரக்கையில், அவர் விரலுக்கு ஒரு விரல் தள்ளி, சிறியதாக, வட்டமாக, ஒரு குழி விழுந்தது. அதனருகே இன்னொன்று.